பொருளற்றவை எனப்பட்டவை: ஒரு வைரசின் சிற்றிழைகளும் மலைநாட்டு லயங்களும்

1

இலக்கிய ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் வைரசு பற்றிக் கட்டுரை வரையப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கலைப்பீடத்துக்கும் மருத்துவபீடத்துக்கும் இடையே நாம் வகுத்துக்கொண்ட தூரம் அத்தகையது. ஆயினும், எது பொருளுடையது, எது பொருளற்றது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அத்தீர்ப்பு எவ்வாறு மாறியது என்பன இரு துறைக்கும் பொதுவான வினாக்களாகும். நாட்டார் பாடலை இலக்கியமன்று என ஒதுக்கிய பண்டிதர் மரபை எதிர்த்தே ஈழத்து முற்போக்கு ஆய்வு வளர்ந்தது. உயிரியலிலும் அதனையொத்த ஒதுக்கலும் மீட்பும் நிகழ்ந்துள்ளன. எப்ஸ்டீன்–பார் வைரசு என்னும் மனித ஹேர்ப்பிஸ் வைரசு உண்டாக்கும், எந்தப் புரதத்துக்கும் குறிமுறை தராத ஆர்.என்.ஏ. இழைகளின் வரலாறு அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வரலாற்றைக் கண்டிச் சீமையின் தோட்ட வாழ்க்கையோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

மறைந்திருந்து கொல்லும் நுண்ணுயிரை ஆராயும் மரபு கண்டிப் பிரதேசத்துக்குப் புதியதன்று. 1869ஆம் ஆண்டளவில் இலங்கையின் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் பேர்க்லி, அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலெயா வஸ்தாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கு வந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்நோயை ஆராய்ந்தார். பூஞ்சண வித்தி இலையின் வாய்களினூடாக உட்புகுந்து, வெளியே யாதொரு குறியுமின்றிச் சிலகாலம் உள்ளே வளர்ந்து, பின்னரே புள்ளியாக வெளிப்படுகின்றது என்பதை அவர் நிறுவினார். இலையைப் பார்த்து மரம் நலமாயுள்ளது என்று துரைமார் முடிவுசெய்த நாளிலேயே நோய் உள்ளே குடியேறியிருந்தது.

வார்டின் ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. மலைக்கு மலை, இடைவெளியின்றி, ஒரே பயிரை நட்டமையே பூஞ்சணத்துக்குப் பெருவழி திறந்துவிட்டது. காடழித்து ஒற்றைப் பயிரிடுமாறு தூண்டியது இலாப நோக்கு. ஆகவே, நோய்க்குக் காரணம் பூஞ்சணம். கொள்ளை நோய்க்குக் காரணம் உற்பத்தி முறை. இவ்வேறுபாடு மேல்வரும் பகுதிகளுக்கும் அடிப்படையாகும்.

3

எப்ஸ்டீன்–பார் வைரசின் கதையும் குடியேற்ற நாடொன்றிலேயே தொடங்குகின்றது. யுகண்டாவின் கம்பாலா நகரிலுள்ள முலாகோ மருத்துவமனையிற் பணியாற்றிய ஐரிஷ் சத்திரசிகிச்சையாளர் டெனிஸ் பேர்க்கிட், ஆபிரிக்கக் குழந்தைகளின் தாடையில் விரைந்து வளரும் ஒருவகைக் கட்டியை 1958இல் விவரித்தார். 1961இன் பிற்பகுதியில் அவரும் நண்பர் இருவரும் ஏறத்தாழ 10,000 மைல் தூரம் காரிற் பயணஞ்செய்து, ஒவ்வொரு மருத்துவமனையாக விசாரித்து, அந்நோய் காணப்படும் எல்லையை வரைந்தனர். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் அது செறிந்திருந்தது. அவ்வெல்லை பெரும்பாலும் மலேரியாவின் எல்லையோடு ஒத்துச்சென்றது.

அதே ஆண்டு மார்ச்சில் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பேர்க்கிட் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தனி எப்ஸ்டீன், இத்தகைய நோய்க்கு வைரசு ஒன்று காரணமாகலாம் எனக் கருதினார். கம்பாலாவிலிருந்து விமானமூலம் இழையத் துண்டுகள் இலண்டனுக்கு வந்தன. ஈராண்டு காலம் ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் மூடுபனி காரணமாக விமானமொன்று மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. தாமதித்து வந்த குப்பியிலிருந்த நீர் கலங்கியிருந்தது. பற்றீரியா புகுந்துவிட்டதென எறியாமல் அதனை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, கட்டியிலிருந்து பிரிந்த உயிருள்ள கலங்கள் அதில் மிதந்தன. அவற்றை வளர்த்தெடுத்து, 1964 பெப்ரவரியில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தபோது வைரசு தென்பட்டது. மனிதப் புற்றுநோயோடு தொடர்புறுத்தப்பட்ட முதல் வைரசு அதுவேயாகும்.

அவ்வாண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் மூவர் பெயர்கள் உள்ளன: எப்ஸ்டீன், அச்சோங், பார். வைரசின் பெயரில் இருவர் மட்டுமே உள்ளனர். கலங்களின் வளர்ப்பு வரிசைக்கு எப்ஸ்டீன், பார் ஆகியோரின் முதலெழுத்துகளை இட்டமையால் அப்பெயர் நிலைத்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டிப் பணியைப் புரிந்த பேர்ட் அச்சோங் திரினிதாத்திற் பிறந்தவர். கட்டியைத் தந்த கம்பாலாக் குழந்தைகளின் பெயர்களோ எங்குமே இல்லை. அறிவின் உற்பத்தியிலும் மூலப்பொருள் ஓரிடத்தும் முடிவுப்பொருள் வேறிடத்தும் தேங்குகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1970களில் யுகண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் ஏறத்தாழ 42,000 குழந்தைகளிடமிருந்து குருதி பெற்று நடத்திய நெடுநாள் ஆய்வு, இவ்வைரசுக்கும் அக்கட்டிக்குமிடையே உள்ள தொடர்பை வலுப்படுத்தியது. அங்கும் குருதி தந்தவர் கிராமத்தவரே.

4

இவ்வைரசு ஆபிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனைத் தம் உடலிற் சுமக்கின்றனர். உமிழ்நீர்வழி ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவி, குருதியிலுள்ள பி வகை நிணக்கலங்களிற் குடியேறி, ஆயுள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகின்றது. பெரும்பாலானோருக்கு அதனால் யாதொரு துன்பமும் இல்லை.

ஆனால், எந்த வயதில் அது தொற்றுகின்றது என்பது உயிரியல் மட்டும் தீர்மானிப்பதன்று. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் வறியோரின் குழந்தைகளை அது முதற் சில ஆண்டுகளிலேயே தொற்றிவிடுகின்றது. அப்போது பெரும்பாலும் நோயே தெரிவதில்லை. தெரியினும் சாதாரணக் காய்ச்சலாகக் கழிந்துவிடும். தனியறையும் தனிப்பாத்திரமும் உள்ள வசதிபடைத்த சமூகங்களில் தொற்று இளமைப்பருவம் வரை பிற்போடப்படுகின்றது. அவ்வாறு பிந்தித் தொற்றுவோரிற் பலருக்குக் கழுத்துக் கட்டிகளும் தொண்டைப்புண்ணும் நீடித்த களைப்பும் கொண்ட சுரப்பிக் காய்ச்சல் உண்டாகின்றது. மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவரிடையே பெயர்பெற்ற நோய் இது. பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியினரின் ஆய்வுகூடத்தில், உடலில் பிறபொருளெதிரி இல்லாதிருந்த ஊழியர் ஒருவர் இந்நோய்வாய்ப்பட்டு எழுந்தபின் அவரது குருதியில் இவ்வைரசுக்கெதிரான பிறபொருளெதிரி தோன்றியது. அதனைத் தொடர்ந்து 1968இல் அவர்கள் இரண்டுக்குமுள்ள தொடர்பை வெளியிட்டனர். ஒரே வைரசு, வர்க்க நிலைக்கேற்ப வேறு வயது, வயதுக்கேற்ப வேறு நோய்.

இந்த ஒளியில் மலைநாட்டை நோக்குவோம். கோப்பிக் காலத்திலிருந்து தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்க்குக் கட்டப்பட்ட லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றே ஒரு குடும்பத்தின் வீடாயிற்று. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களிற் காற்றோட்டமும் இல்லை. தாய் கொழுந்தெடுக்கப் போனபின் கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஒருங்கே விடப்பட்டனர். உமிழ்நீரால் பரவும் வைரசு ஒன்றுக்கு இதனினும் தக்க சூழல் அமைதல் அரிது. எனவே, தோட்டத்துக் குழந்தைகளுட் பெரும்பாலோர் நடைபழகும் பருவத்திலேயே இவ்வைரசைப் பெற்றிருப்பர் எனக் கருதுவது பொருந்தும்.

எனினும், இதற்குத் தோட்ட ஆவணங்களிற் சுவடு இராது. அதற்கான காரணம் வைரசு இனங்காணப்படாமை மட்டுமன்று. தோட்டத்தின் ஏடு செக்ரோல். அன்று பிரட்டுக்களத்துக்கு யார் வந்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்பதே அதன் கணக்கு. வேலைநாள் இழப்பாக மாறாத நோயை அவ்வேடு அறியாது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனக் கொண்டுவரப்பட்ட சட்டமும் வாந்திபேதி போன்ற, உழைப்புச் சக்தியை அழிக்கும் நோய்களின் அச்சத்திலேயே பிறந்தது. காம்பராவில் முனகிய குழந்தையின் காய்ச்சல், கணக்கப்பிள்ளையின் பார்வையிற் பொருளற்றது. ஆவணம் என்பது நிகழ்ந்தவற்றின் தொகுப்பன்று. ஆளும் வர்க்கம் கேட்ட கேள்விகளுக்கான விடைகளின் தொகுப்பாகும்.

5

கேட்ட கேள்வியே கிடைக்கும் விடையை வரையறுக்கும் என்பது ஆய்வுகூடத்துக்கும் பொருந்தும். 1957இல் பிரான்சிஸ் கிறிக் முன்வைத்த கோட்பாட்டின் சாரம், மரபுச் செய்தி டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.க்கும் அதிலிருந்து புரதத்துக்கும் செல்லும் என்பது. இதனைக் கண்டுபிடித்தோரும் விளக்கியோரும் பயன்படுத்திய சொற்கள் யாவும் மொழித்துறையிலிருந்து பெற்றவை: குறிமுறை, பிரதியெடுப்பு, மொழிபெயர்ப்பு. இவ்வுருவகத்தின் வலிமை பெரிது. அதன் தடையும் பெரிது. புரதமாக மொழிபெயர்க்கப்படுவதே பொருள் எனின், மொழிபெயர்க்கப்படாதது பொருளற்றதாகும். 1972இல் சுசுமு ஓனோ மரபுத் தொகுதியின் பெரும்பகுதியைச் சுட்டப் பயன்படுத்திய ‘குப்பை’ என்னும் சொல் பரவலாக வேரூன்றியது. மனித டி.என்.ஏ.யில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு அல்லது அதனினும் குறைந்த பகுதியே புரதக் குறிமுறை கொண்டது என்பது இங்கு மனங்கொளத்தக்கது. புரதமாகாத ஆர்.என்.ஏ.க்கள் சில முன்னரே அறியப்பட்டிருந்தும், அவை புரத ஆக்கத்துக்கு ஏவல் செய்வன என்ற அளவிலேயே மதிக்கப்பட்டன.

1981இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைற்ஸ், ஜோர்ஜ் மில்லர் ஆகியோரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. தன் உடலின் கூறுகளையே பகையெனக் கருதித் தாக்கும் லூப்பசு நோயாளரின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளை அவர்கள் கருவியாகக் கொண்டனர். எப்ஸ்டீன்–பார் வைரசு குடியிருந்த கலங்களின் சாற்றில் அவற்றை இட்டபோது, லா என்னும் மனிதப் புரதத்தோடு பிணைந்த இரு சிறிய ஆர்.என்.ஏ. இழைகள் வீழ்படிந்தன. அவை மனிதனுடையவை அல்ல, வைரசுக்குரியவை. ஒன்று 167 அலகு நீளமும் மற்றையது 172 அலகு நீளமும் கொண்டவை. ஈபர் 1, ஈபர் 2 என அவை பெயர்பெற்றன. இரண்டும் எப்புரதத்துக்கும் குறிமுறை தருவதில்லை. ஆயினும், தொற்றுண்ட ஒரு கலத்தில் அவை 50 இலட்சம் பிரதிகள்வரை குவிந்திருக்கக்கூடும். 1984இல் இவ்வைரசின் முழு மரபுத் தொடரும், ஏறத்தாழ 1,72,000 எழுத்துகள், வாசிக்கப்பட்டது. பின்னர், 2004இல் தோமஸ் துஷ்லின் குழுவினர், 22 அலகளவே நீளமான நுண் ஆர்.என்.ஏ.க்களை இவ்வைரசு ஆக்குகின்றது என்பதை வெளிப்படுத்தினர். எந்த வைரசிலும் அத்தகையவை காணப்பட்டது அதுவே முதன்முறை. முதலில் ஐந்து அறியப்பட்டன. இன்று நாற்பதுக்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

வைரசு இவற்றை ஏன் ஆக்குகின்றது? நமது நீர்ப்பீடன முறைமை கலத்தினுள்ளே ஆக்கப்படும் புரதங்களின் துண்டுகளைக் கலத்தின் மேற்பரப்பில் வைத்துச் சோதிக்கின்றது. அந்நியப் புரதம் தென்பட்டால் அக்கலம் அழிக்கப்படும். எனவே, ஆயுள் முழுவதும் ஒளிந்திருக்க வேண்டிய வைரசு புரத ஆக்கத்தை இயன்றவரை ஒடுக்கி வைக்கின்றது. புரதமாகாத ஆர்.என்.ஏ. அச்சோதனையில் அகப்படாது. நுண் ஆர்.என்.ஏ.க்கள் மனிதக் கலத்தின் செய்தி இழைகளிற் பொருந்தி, கலம் தன்னை அழித்துக்கொள்வதற்கும் ஆபத்தை அறிவிப்பதற்கும் உரிய புரதங்களின் ஆக்கத்தைத் தாழ்த்துகின்றன. ஈபர் 2, மனிதப் புரதம் ஒன்றை வைரசின் டி.என்.ஏ.யில் உரிய இடத்துக்கு இட்டுச்செல்ல உதவுகின்றது என ஸ்டைற்ஸ் குழுவினர் 2015இற் காட்டினர்.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு; அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஈபர்கள் இல்லாத வைரசும் ஆய்வுகூடத்தில் நிணக்கலங்களை முடிவின்றிப் பெருகச் செய்யவல்லது என்பது 1991இல் நிறுவப்பட்டது. ஆகவே, அவையின்றி வைரசு இயங்காது எனல் பிழையாகும். மேலும், 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியவாறு, அதே ஈபர்கள் கலத்தின் மற்றொரு காவலரணால் உணரப்பட்டு எதிர்ப்பைத் தூண்டவும் செய்கின்றன. ஒளிந்திருக்க உதவும் கருவியே காட்டிக்கொடுக்கும் கருவியுமாகின்றது. எதிர்க்கூறுகள் ஒன்றினுள்ளேயே நிலவுகின்றன என்னும் இயங்கியலை நாம் வெளியிலிருந்து இவற்றின்மேற் சுமத்த வேண்டியதில்லை. அது அங்கேயே உள்ளது.

6

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு ஒரு கருத்துத் தோன்றலாம். தொல்காப்பியர் சொற்களை வகைப்படுத்தியபோது, பெயரும் வினையும்போற் பொருளைத் தாமே சுட்டாதவற்றைக் குப்பையென எறியவில்லை. அவற்றை இடைச்சொல் எனப் பெயரிட்டு, தனி இயலே வகுத்து, பெயரையும் வினையையும் சார்ந்து அவை ஆற்றும் தொழிலை வகைப்படுத்தினார். வேற்றுமை உருபும் கால இடைநிலையும் எதனையும் பெயரிட்டு அழைப்பதில்லை. அவையின்றி வாக்கியம் யார், யாரை, எப்போது என்பதைச் சொல்லாது. சொல் எதனைச் சுட்டுகின்றது எனக் கேட்பதோடு நில்லாமல், என்ன செய்கின்றது எனவும் கேட்டமையே இப்பகுப்பின் சிறப்பு. ஈபர் ஆய்விலும் கேள்வி இவ்வாறே மாறியது: ‘இது எப்புரதத்தின் குறி?’ என்பதிலிருந்து ‘இது எதனோடு சேர்ந்து எதனை மாற்றுகின்றது?’ என்பதற்கு.

ஆயினும் ஒப்புமை நிரூபணம் ஆகாது. தொல்காப்பியத்தில் உயிரியல் இருந்ததெனப் பெருமை பேசுவது வரலாற்றுணர்வுக்கு மாறானது. இங்கு நாம் கற்கக்கூடியது முறையியல் சார்ந்த ஒன்றே. மலைநாட்டுத் தொழிலாளரின் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தபோதும் இதுவே நிகழ்ந்தது. செக்ரோலில் இடம்பெறாத பசியும் பிரிவும் குழந்தையின் நோயும் அப்பாடல்களில் இருந்தன. அவை அதுவரை இல்லாதவை அல்ல, கேட்பார் இல்லாதவை.

7

பொருளற்றவை எனப்பட்ட இழைகளே இன்று நோயறிகருவியாயின என்பது இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம். புற்றுநோய் இழையத்தில் இவ்வைரசு உண்டா என அறிவதற்கு இன்று உலகெங்கும் தலையாய முறையாகக் கொள்ளப்படுவது, இழையத்தின் மெல்லிய சீவலில் ஈபருடன் பொருந்தும் எதிரிழையை இட்டு நிறமேற்றிப் பார்ப்பதாகும். கலத்தில் இலட்சக்கணக்கில் அவை நிறைந்திருப்பதால் கருவினுள்ளே நிறம் தெளிவாய் எழும். பேர்க்கிட் கட்டி, ஹொட்ஜ்கின் நோயின் ஒருபகுதி, நாசித்தொண்டைப் புற்றுநோய், இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று ஆகியவற்றில் இவ்வைரசு காணப்படுகின்றது. குழந்தைகளுக்கு வரும் ஹொட்ஜ்கின் நோயில் வைரசு காணப்படும் விகிதம் வறிய நாடுகளில் மிகுதி. 2022இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளைக் கொண்டு வெளியான ஆய்வு, இவ்வைரசு தொற்றியபின் நரம்புத்தொகுதியைத் தாக்கும் மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உண்டாகும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. இவ்வைரசுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்றுவரை இல்லை.

பேர்க்கிட் கட்டிக்கு வைரசு மட்டும் போதாது. ஆண்டு முழுவதும் ஓயாது தாக்கும் மலேரியா நீர்ப்பீடனத்தைக் குலைக்கும் சூழலிலேயே அது ஆபிரிக்காவிற் பெருகியது. மலேரியா எங்கு நிலைக்கின்றது என்பது வடிகால், உணவு, மருந்து, வீடு ஆகியவற்றின் வினா. இலங்கையும் இதனை அறியும். 1934–35இற் கேகாலை, குருநாகல் முதலான மாவட்டங்களிற் பெருகிய மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். வறட்சியும் விளைச்சல் இழப்பும் மெலிந்த உடல்களை அந்நோய்க்கு ஆயத்தப்படுத்தியிருந்தன. நிவாரணப் பணிக்குக் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர், கொயினாவோடு உணவும் வேண்டும் என்பதை நேரிற் கண்டனர். அவ்வியக்கத்தவருட் பலரே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பின்னால் நின்றது பொதுச் செலவில் இயங்கிய சுகாதார சேவை என்பதை மறத்தலாகாது.

எனவே, வைரசின் இழைகளை அறிவதும் லயத்தின் நீள அகலத்தை அறிவதும் வெவ்வேறு அறிவுகள் அல்ல. முன்னது நோய் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கூறும். பின்னது அது யாரை, எந்த வயதில், எந்நிலையில் அடைகின்றது என்பதைக் கூறும். ஒன்றைவிட்டு மற்றதைக் கற்பவர் பாதி வாக்கியத்தையே வாசிக்கின்றார். தோட்ட மக்களின் நலவியல் வரலாறு எழுதப்படுமாயின், அது செக்ரோலில் உள்ளவற்றோடு தொடங்கலாம், அங்கேயே முடிதலாகாது. தாய்மாரின் நினைவும் தாலாட்டும் மரணப் பதிவும் நோயியல் ஆய்வுகூடத்தின் கண்ணாடிச் சீவலும் ஒருங்கே வாசிக்கப்படல் வேண்டும். அதற்குக் கலைப்பீடத்தினரும் மருத்துவபீடத்தினரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். பேராதனையில் அந்த மேசையை இடுவது இயலாத காரியமன்று.